ஆடி மாதத்தில் ஒரு ட்ரையல்

திண்டிவனத்தில் காய்கறி மார்க்கெட்டை ஒட்டிய எங்கள் தெருவில் ஒரு பொதுக் கழிப்பறை இருக்கிறது. பெண்களுக்கு மூன்று அறை, ஆண்களுக்கு மூன்று அறை, வாசலில் ஒரு கல்வெட்டு. அந்தக் கல்வெட்டில் பன்னிரண்டு பெயர்கள். கடைசிப் பெயர் என்னுடையது. என் கல்யாணப் பத்திரிகையில் பெயரைப் பார்த்தபோதுகூட நான் இவ்வளவு சந்தோஷப்படவில்லை. "கக்கூஸ் கல்லுல பேர் போட்டதுக்கு இவ்ளோ அலட்டலாம்மா?" என்று என் மகள் கேட்கிறாள். ஆமாம், அலட்டல்தான். வருகிற போகிறவர்களிடம் எல்லாம் காட்டத்தான் செய்கிறேன்.

அந்தக் கழிப்பறைக்கு எதிரே பிளவுஸ் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக அதே கடை, அதே படி, அதே ஷட்டர். கழிப்பறை இருக்கிற இடம் முன்பு ஒரு மண்டிச் சுவரும் அதன் அடியில் குப்பையுமாகக் கிடந்த பொது இடம். சந்தைக்கு வருகிற ஆண்களில் பாதிப் பேர் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் நிற்பார்கள். நாற்றம் நேராக என் கடைக்குள் வரும். அளவு கொடுக்க வருகிற பெண்கள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையை மட்டும் தூக்குவார்கள். ஒரு கையை வைத்துக்கொண்டு எந்த டெய்லர் அளவு எடுப்பது?

இதற்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்று தெருக்காரர்கள் குழு ஆரம்பித்தார்கள். மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி வைத்திருப்பவர் தலைவர். ஹார்ட்வேர் கடை பாய் உட்பட இன்னும் பத்து ஆண்கள். நகராட்சிக்குக் கொடுக்கிற மனுவில் ஒரு பெண் கையெழுத்தும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மண்டிக்காரர் என் கடைப் படியில் நின்று, "நீங்க சும்மா பேருக்கு இருங்கம்மா, வேலையெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றார். பேருக்கு இருப்பதற்கு நான் என்ன கடை பொம்மையா? அப்படிக் கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. முதல் கூட்டத்திலேயே கூட்டக் குறிப்பு எழுதுகிற வேலையை என் தலையில் கட்டினார்கள்.

முதலில் குப்பையை அள்ளினோம். சுவருக்கு நீலப் பெயிண்ட் அடித்தோம். அதன் மேல் ஒரு போர்டு: 'இங்கு சிறுநீர் கழிப்பவர்கள் படம் எடுக்கப்பட்டு வெளியிடப்படுவார்கள்.' வாசகம் மண்டிக்காரருடையது. அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் பதினோரு கட்டைவிரல்கள் வந்தன. ஒரு வாரத்தில் ஆண்கள் அந்தப் போர்டுக்கு நேர் கீழேயே நிற்க ஆரம்பித்தார்கள். அங்கே நிழல் இருந்தது.

"அவங்க வேற எங்கதாண்ணே போவாங்க? ஒரு கக்கூஸ் கட்டிக் குடுத்துட்டு அப்பறம் போர்டு வைங்க" என்றேன். யோசனை எல்லாருக்கும் பிடித்துவிட்டது. மனு கொடுத்தோம், அலைந்தோம், இடத்துக்கு அனுமதி கிடைத்தது. மண்டிக்காரர் ஒரு மேஸ்திரியை வைத்து வரைபடமும் போட்டுவிட்டார். ஆறு அறை. ஆறும் ஆண்களுக்கு.

"பொம்பளைங்களுக்கு?" என்றேன்.

"பொம்பளைங்க யாரும் சுவத்தாண்ட வர்றதே இல்லியேம்மா. அவங்களுக்குத்தான் பிரச்சினையே இல்லியே" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் தோன்றியிருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் அன்று தைத்த மூன்று பிளவுஸுக்கும் கழுத்து இறங்கிப்போய், பிறகு பிரித்துத் தைத்தேன்.

பிரச்சினை இல்லையா? என் கடைப் படிக்குக் கீழே பத்தொன்பது வருடமாக ஒரு பூக்காரி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து ஊரிலிருந்து விடிகாலை முதல் பஸ்ஸில் வருவாள். பொழுது சாய்ந்துதான் போவாள். பதிமூன்று மணி நேரம். மல்லியும் கனகாம்பரமும் வாடாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு சொம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் தெளித்துக்கொண்டே இருப்பாள். அதில் ஒரு வாய் தன் தொண்டைக்கு ஊற்ற மாட்டாள். குடித்தால் போக வேண்டும், போக இடம் கிடையாது. கருவாடு விற்கப் பொம்மையார்பாளையத்திலிருந்து வருகிற அம்மாவுக்கும் இதே கதைதான். நானாவது மதியம் ஷட்டரை இறக்கிவிட்டு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போய் வருவேன். கூடைக்கு ஷட்டர் ஏது?

பூக்காரிக்கு அடிக்கடி காய்ச்சல் வரும். "அடிவயிறு எரியுதுக்கா" என்பாள், மாத்திரை போடுவாள். மாத்திரையை விழுங்குவதற்குக்கூட ஒரே ஒரு மடக்குத்தான் தண்ணீர்.

அடுத்த கூட்டம் சித்திரை வெயிலில், மண்டியின் மாடி அறையில் நடந்தது. நான் ஒரு பெரிய குடத்தில் மோர் கலந்து எடுத்துப் போனேன். இஞ்சி, கொத்தமல்லி, பெருங்காயம், கொஞ்சம் பச்சை மிளகாய். "இன்னாம்மா இன்னிக்கு விசேசம்?" என்று கேட்டுக்கொண்டே ஆளுக்கு மூன்று டம்ளர் குடித்தார்கள். மண்டிக்காரர் நான்கு. பிறகு நான் நோட்டைத் திறந்து, முதல் கூட்டத்திலிருந்து அன்று வரைக்குமான குறிப்புகளை ஒரு எழுத்து விடாமல் வாசிக்க ஆரம்பித்தேன்.

முக்கால் மணி நேரத்தில் காலை மாற்றி மாற்றிப் போட ஆரம்பித்தார்கள். அந்த மாடியில் கழிப்பறை கிடையாது. வழக்கமாக எல்லாரும் கீழே இறங்கிப் போகிற இடம் அந்தச் சுவர்தான். இப்போது அங்கே அவர்களே வைத்த போர்டு இருக்கிறது. நான் நிதானமாக இரண்டாம் கூட்டத்துக்கு வந்தேன். மண்டிக்காரர், "ஒரு போன் பேசிட்டு வர்றேன்" என்று எழுந்து போனார். போனை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

நாங்கள் எல்லாரும் ஜன்னல் பக்கம் போய் நின்றோம். அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுச் சுவரை நெருங்கினார். எதிரே பூக்காரி தலையைத் தூக்காமல், கோத்துக்கொண்டிருந்த சரத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"மொதலாளி, அந்தப் போர்டுல இன்னா எழுதிக்கீதுன்னு கொஞ்சம் படிச்சி சொல்லுங்களேன். எனக்குப் படிக்கத் தெரியாது."

அவர் போன வேகத்திலேயே திரும்பி மாடி ஏறி வந்தார். உட்காரவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் சிரிக்கவில்லை, சிரிக்கிற நிலைமையில் யாரும் இல்லை.

"ஒரு மணி நேரம்கூட ஆவலண்ணே" என்றேன். "அவ பதிமூணு மணி நேரம் குந்திக்கினு இருக்கறா. பத்தொம்போது வருசமா."

முதலில் வாயைத் திறந்தவர் பாய்தான். கோட்டக்குப்பத்துக்காரர், அதிகம் பேச மாட்டார். "மூணு மூணாப் போட்டுருங்க. பொம்பளைங்க பக்கம் கதவு, குழா, டைல்ஸு எல்லாம் நம்ம கடையிலேர்ந்து வந்துரும். துபாய்ல இருக்கற தம்பிகிட்ட நான் சொல்லிக்கறேன். இப்ப ஜல்தி கூட்டத்த முடிங்க." கையெழுத்துப் போட்டுவிட்டு அவர்கள் படி இறங்கின சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று வீட்டுக்குப் போய் நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

வைகாசியில் கடைக்கால் போட்டு, ஆனி முடிகிறபோது கட்டடம் எழும்பி நின்றது. வெள்ளை டைல்ஸ், பச்சைக் கதவு, மேலே தண்ணீர்த் தொட்டி. சாந்து காய்ந்ததும் மண்டிக்காரர் ஒரு பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். மறுநாள் ஆடி பிறந்துவிட்டது.

"ஆடியில எதையும் திறக்கக் கூடாதும்மா. ஆவணியில மொத முகூர்த்தத்துக்கு ஒரு பெரிய மனுசன் தேதி குடுத்துக்கீறாரு. கல்வெட்டும் அப்பத்தான் வரும்."

"அண்ணே, இது கல்யாண மண்டபமா? கக்கூஸ்ணே."

"எதா இருந்தா இன்னா? மொத மொத திறக்கறது திறக்கறதுதானே?"

சரி, பூக்காரியைக் கூட்டி வந்து அவள் வாயாலேயே சொல்ல வைக்கலாம் என்று பார்த்தால், அவளும் அவர் பக்கம் சாய்ந்தாள். "ஆடியில வேணாங்கா. எனக்குன்னு கட்டுனத நானே ராசியில்லாத மாசத்துல மிதிக்கணுமா? இத்தினி வருசம் அடக்கிக்கினு குந்தல? இன்னும் ஒரு மாசந்தானே." எனக்கு மண்டிக்காரர் மேல் வந்த கோபத்தைவிட அவள் மேல்தான் அதிகம் வந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

ஆடியில் எதையும் ஆரம்பிக்க மாட்டார்கள், ஆனால் பூ மட்டும் மலையாக விற்கும். தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், அத்தனைக்கும் மாலை வேண்டும். பூக்காரி இன்னும் சீக்கிரம் வந்தாள், இன்னும் நேரம் கழித்துப் போனாள். இரண்டாவது வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே கூடை மேல் சரிந்தாள். தொட்டுப் பார்த்தேன், உடம்பு கொதித்தது. ஷட்டரை இறக்கிவிட்டு விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

நான்கு நாள் படுக்கையில் இருந்தாள். சிறுநீரகம் வரைக்கும் கிருமி ஏறியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. "ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும். அடக்கவே கூடாது. இன்னொரு தடவ இப்படி வந்தா கிட்னியக் காப்பாத்த முடியாது" என்று அவளிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். நான் அப்படியே அவளிடம் சொன்னேன். அவளுக்குக் கணவன் இல்லை. ஒரே மகள், நர்சிங் கடைசி வருடம். வியாபாரத்தை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிற வசதி அவளுக்கு இல்லை.

திரும்பி வரும்போது ஒரு லிட்டர் பாட்டில் வாங்கிக் கையில் கொடுத்தேன். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியும் மூடி திறக்கவில்லை. "குடியேன்" என்றேன். "பஸ்ஸு எங்கியும் நிக்காதுக்கா, வீட்டுக்குப் போய்க் குடிக்கறேன்" என்றாள். மறுநாள் அவள் வியாபாரத்துக்கு வந்து உட்கார்ந்தபோது, படியில் நின்று பார்த்தேன். டாக்டரம்மா குடிக்கச் சொன்ன அந்தத் தண்ணீரை மூடியைத் திறந்து மல்லிப்பூ மேல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நேராகப் பாய் கடைக்குப் போனேன். அவர் கல்லாவைத் திறந்து ஒரு சாவியை மேஜையில் வைத்தார். "பூட்டு நம்ம கடைதாம்மா. மூணு சாவி வரும். அவுரு ரெண்டுதான் எடுத்துக்கினு போனாரு."

எடுக்கத்தான் கை போனது. ஆனால் திருட்டுத்தனமாகத் திறந்தால் அவள் உள்ளே கால் வைக்க மாட்டாள் என்று தெரியும். மற்றப் பெண்களும் அப்படித்தான். சாவியை அங்கேயே வைத்துவிட்டுக் கடைக்கு வந்தேன். ஒரு கல்யாணப் பெண் பிளவுஸ் வாங்க வந்திருந்தாள். வழக்கம்போல, "போட்டுப் பாரும்மா, ட்ரையல் பாக்காம நான் டெலிவரி குடுக்க மாட்டேன்" என்றேன். சொன்ன வாய் அப்படியே நின்றது. டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட இல்லை, அப்படியே மண்டிக்குப் போனேன்.

"அண்ணே, திறப்பு விழாவ நீங்க ஆவணியிலயே வச்சிக்குங்க. ஆனா பெரிய மனுசன் வர்ற அன்னிக்குக் குழாயத் திறந்தா தண்ணி வரலன்னா யாருக்கு அசிங்கம்? நான் ஒரு ட்ரையல் பாத்துட்டுக் குடுக்கறேன்."

அவர் யோசித்தார். "ட்ரையல் பாத்தா திறந்ததா ஆவாதா?"

"கல்யாணப் பொண்ணு பிளவுஸ ட்ரையல் போட்டுப் பாத்தா, அன்னிக்கே தாலி கட்டுனதா அர்த்தமா?"

மண்டிக்காரர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அந்தப் பொண்ணு எப்பிடி இருக்குது?" என்று கேட்டார். அவருடைய மண்டி வாசலிலிருந்து பார்த்தால் அவள் சரிந்து விழுந்த இடம் தெரியும். உடம்பைப் பற்றி டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

பூக்காரியிடமும் அதையேதான் சொன்னேன். "ட்ரையல்தானேக்கா?" என்று இரண்டு தரம் கேட்டாள். "ட்ரையல்தான்" என்றேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனாள். கருவாட்டம்மா அடுத்த அறைக்குப் போனார். நான் வெளியே டேப்போடு காவல் நின்றேன். வெளியே வந்த பூக்காரி முகத்தைக் கழுவிக்கொண்டு, முந்தானையால் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் போய்க் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பூ கட்டவில்லை.

ட்ரையல் பார்த்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று தெரியுமா? நடு அறையில் தாழ்ப்பாள் துளைக்கு எட்டவில்லை. சுருக்குப் பையை மாட்ட ஒரு கொக்கி கிடையாது, அதை எந்தப் பெண்ணும் தரையில் வைக்க மாட்டாள். எல்லாவற்றையும்விட, காற்று வருவதற்கு விட்டிருந்த ஜன்னல், மண்டி மாடி ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. பதினோரு ஆண்கள் வரைபடம் பார்த்தார்கள், ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. நான் என் அளவு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி 'ஆல்டரேஷன்' என்று தலைப்புப் போட்டு வரிசையாக எழுதினேன். பாய் ஆளை அனுப்பி ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். அந்த மாடி ஜன்னலை மண்டிக்காரரே முன்னின்று அடைக்க வைத்தார்.

மீதி ஆடி முழுக்க ட்ரையல் நடந்தது. கீரைக்காரி, மார்க்கெட்டுக்கு வருகிற பெண்கள், என் வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் ட்ரையல் பார்த்தார்கள். மண்டிக்காரர் தினமும் கடைப் பக்கம் வந்து, "ட்ரையல் முடிஞ்சிதாம்மா?" என்பார். "இன்னும் ஒரு ஃபிட்டிங் பாக்கி இருக்குதுண்ணே" என்பேன். "நல்லாப் பாருங்க, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஆனால் பூக்காரி தண்ணீர் குடிக்கவில்லை. கதவு திறந்திருக்கிறது, பத்தடி தூரம்தான், அவளும் போய் வருகிறாள். ஆனாலும் குடிக்க வரவில்லை. "வாய்ல வச்சா தொண்ட மூடிக்குதுக்கா. பழகிப்போச்சி" என்றாள். நான் திட்டினேன், கெஞ்சினேன். கடைசியில் அவள் பாட்டிலில் பாதிக்கு ஒரு சிவப்பு நூலைக் கட்டினேன். மதியத்துக்குள் தண்ணீர் அந்த நூலுக்கு வர வேண்டும். முதல் வாரம் நூலுக்கு மேலே நான்கு விரல் நின்றது. இரண்டாவது வாரம் இரண்டு விரல். நூல் வரைக்கும் வந்த நாளில் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், அதையும் பாதிதான் குடித்தாள். அவள் மகள் போனில், "விட்றாதீங்க பெரிம்மா" என்றாள். நான் ஒவ்வொரு நாளும் அந்தப் பாட்டிலைப் பார்த்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவேன். டாக்டரம்மா சொன்னது தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் விழா நடந்தது. வாழைமரம், மைக், சிவப்பு ரிப்பன். ரிப்பன் வெட்டக் கத்திரிக்கோல் கேட்டு ஆள் வந்தது. துணி வெட்டுகிற கத்திரியை நான் வேறு எதற்கும் கொடுக்க மாட்டேன், காகிதம் வெட்டினால் முனை மழுங்கிவிடும். ரிப்பன் துணிதானே என்று கொடுத்தேன். மூன்று வாரமாகப் புழக்கத்தில் இருக்கிற கழிப்பறையைப் பெரிய மனிதர் புத்தம் புதிதாகத் திறந்து வைத்தார். அவர் குழாயைத் திருகினார், தண்ணீர் கொட்டியது, எல்லாரும் கை தட்டினார்கள்.

மண்டிக்காரர் மைக்கைப் பிடித்தார். எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டே வந்தவர், "எங்க டெய்லரம்மா ட்ரையல் பாத்துக் குடுத்தது. ஒரு குறையும் இருக்காது" என்றார். தெரு மொத்தமும் என் பக்கம் திரும்பியது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கல்வெட்டில் என் பெயரைத் தேடிப் படித்தேன், இன்னொரு தரமும் படித்தேன். பிறகு பெரிய மனிதர் பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார்.

மணி பதினொன்று இருக்கும், வெயில் ஏறிவிட்டது. நான் கூட்டத்திலிருந்து நழுவி என் கடைப் படிக்கு வந்தேன். பூக்காரி விழாவுக்கு வந்த எல்லாருக்கும் பூ விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். பாட்டிலை எடுத்தாள். பூவுக்குத் தெளிக்கத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தேன். கூடையில் பூ இல்லை. அவள் அண்ணாந்து, பாட்டிலைத் தூக்கி ஊற்றிக்கொண்டாள். தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் நூலுக்கு வந்தது, நூலைத் தாண்டி இறங்கியது, அடியில் ஒரு விரல் நின்றது, அதுவும் போனது.

புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, சிவப்பு நூல் கட்டிய காலிப் பாட்டிலை என்னிடம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் தண்ணி இருக்குதாக்கா?"